வண்டியைப் பிடித்து நிறுத்துவது எது?
நான்கு சக்கர இயக்க வண்டியின் டிரான்ஸ்பர் கேஸைக் கழற்றும் முறை

இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்த காலையில், தோட்டத்துச் செம்மண் பாதையில் சறுக்காமல் ஏறக்கூடிய வண்டி எது என்று கேட்டால், சிறு பிள்ளையும் விடை கூறும். முன் சக்கரங்கள் இரண்டும் பின் சக்கரங்கள் இரண்டும் ஒருங்கே சுழன்று இழுக்கும் வண்டியே அது. பால் ஏற்றவும், உர மூட்டைகளைக் கொண்டு செல்லவும், நோயுற்றவர்களை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் இவ்வகை வண்டிகள் நெடுங்காலமாகத் தோட்டங்களில் உழைத்து வந்துள்ளன. இன்று தோட்டத்துக் குடும்பங்கள் சிலவற்றின் வாசலிலேயே பழைய சுசுக்கியோ, டொயோட்டா ஹைலக்ஸோ நிற்பதைக் காண்கிறோம்.

பழைய வண்டி என்றால் பழுதும் உடன் வரும். பட்டறைக் கூலியை எண்ணிப் பார்க்கும் இளைஞர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு முற்றத்திலேயே ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்துவிடுகின்றனர். கைத்தொழிலில் காட்டும் இந்த ஆர்வத்தை நாம் குறை கூறப் போவதில்லை. ஆயினும் டிரான்ஸ்பர் கேஸ் என்னும் பகுதியைக் கழற்ற முற்படும்போது, பலரும் அறியாத ஓர் ஆபத்து அங்கே காத்திருக்கிறது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிள்ளானில் கேட்ட செய்தி

அண்மையில் கிள்ளானில் ஒரு பட்டறைக்குச் சென்றிருந்தோம். ஜப்பானில் ஓடிய வண்டிகளை இரண்டாக அறுத்து, ‘ஹாப்கட்’ என்ற பெயரில் முன்பாதியை இறக்குமதி செய்து, அவற்றின் உதிரிப் பாகங்களை விற்கும் கடைகள் கிள்ளான் வட்டாரத்தில் மிகுதி. அத்தகைய கடைகளை அடுத்து இருந்தது அந்தப் பட்டறை. அதன் உரிமையாளர் ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்து, இளமையிலேயே தொழில் கற்றவர்.

அவருடைய இடக்காலில் முழங்காலுக்குக் கீழே நீண்டதொரு தழும்பு இருந்தது. அதைப் பற்றிக் கேட்டோம். “பத்தொன்பது வயதில் கிடைத்த பாடம், ஐயா” என்று சொல்லிச் சிரித்தார். காப்பார் சாலைப் பக்கம் உறவினர் வீட்டில், பழைய சுசுக்கி ஒன்றின் டிரான்ஸ்பர் கேஸை அவர் தனியாகக் கழற்றியிருக்கிறார். முற்றம் சற்றே சரிவானது. பார்வைக்குச் சமமாகத்தான் தெரிந்தது. கைப்பிரேக்கை நன்றாக இழுத்து வைத்துவிட்டு, பின்பக்கத்து ஷாப்டின் நான்காவது போல்ட்டை உருவினார். ஷாப்ட் விலகியது. அந்தக் கணமே வண்டி மெல்ல நகரத் தொடங்கியது.

“கைப்பிரேக் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். அது அறுந்து போகவில்லை, ஐயா. நான்தான் அதைக் கழற்றிவிட்டிருக்கிறேன்” என்றார் அவர்.

அவர் கூறியதன் பொருள் விளங்க வேண்டுமானால், டிரான்ஸ்பர் கேஸ் என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

மதகு போன்ற ஒரு பெட்டி

எஞ்சினில் உண்டாகும் ஆற்றல் முதலில் கியர் பெட்டிக்குச் செல்கிறது. சாதாரண காரில் அங்கிருந்து இரண்டு சக்கரங்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டியில், கியர் பெட்டிக்கு அடுத்து மற்றொரு பெட்டி இருக்கும். ஒரு வாய்க்காலில் வரும் நீரை இரண்டு கிளை வாய்க்கால்களுக்குத் திருப்பிவிடும் மதகைப் போல, அது ஆற்றலை முன்னும் பின்னுமாகப் பங்கிட்டு அனுப்புகிறது. அதுவே டிரான்ஸ்பர் கேஸ். அதிலிருந்து ஒரு நீண்ட ஷாப்ட் முன் அச்சுக்கும், மற்றொன்று பின் அச்சுக்கும் செல்கின்றன.

இப்பெட்டிக்கு இன்னொரு பணியும் உண்டு. சேற்றிலும் மேட்டிலும் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுவது அது. எடுத்துக்காட்டாக, லேண்ட் ரோவர் சீரிஸ் 3 வண்டியின் டிரான்ஸ்பர் கேஸில் உயர்நிலைப் பற்சக்கர விகிதம் 1.148, தாழ்நிலை விகிதம் 2.35. தாழ்நிலைக்கு மாற்றினால் வேகம் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். இழுக்கும் வலிமையோ ஏறத்தாழ இரு மடங்காகும். அந்த வண்டியில் மஞ்சள் குமிழ் உள்ள கோலும் சிவப்புக் குமிழ் உள்ள கோலும் இருந்ததைப் பழைய ஓட்டுநர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மஞ்சள் குமிழை அழுத்தினால் முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். சிவப்புக் குமிழுள்ள கோல் தாழ்நிலைக்கு உரியது.

லேண்ட் ரோவர் பிறந்ததே பண்ணை வேலைக்காகத்தான். 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் மோட்டார் கண்காட்சியில் அது முதன்முதலாகக் காட்சிக்கு வைக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960 வரை நீடித்த அந்த ஆண்டுகளில், இரும்புத் தகடு பொருத்திய வண்டிகளில் தோட்டத் துரைமார் சென்று வந்ததை முதியவர்கள் இன்றும் நினைவு கூர்வர்.

கைப்பிரேக் எங்கே இருக்கிறது?

இப்போது அந்தத் தழும்பின் கதைக்கு வருவோம்.

பெரும்பாலான கார்களில் கைப்பிரேக் பின் சக்கரங்களையே நேராகப் பற்றிப் பிடிக்கிறது. ஆனால் இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப்பிலும், பழைய லேண்ட் ரோவரிலும், சுசுக்கி எஸ்.ஜே. 410 வண்டியின் முற்கால வகைகளிலும் அவ்வாறு இல்லை. இவற்றில் கைப்பிரேக் டிரான்ஸ்பர் கேஸின் பின்புறத்தில் அமைந்துள்ளது. அது சக்கரத்தைத் தொடுவதே இல்லை. ஷாப்ட் புறப்படும் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஷாப்ட் நின்றால் அச்சு நிற்கும். அச்சு நின்றால் சக்கரம் நிற்கும் என்பதே அதன் ஏற்பாடு.

மாட்டைத் தூணில் கட்டியிருக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். கயிற்றை மாட்டின் கழுத்திலிருந்து அவிழ்த்துவிட்டால், தூணில் உள்ள முடிச்சு எவ்வளவு இறுக்கமாக இருந்தும் பயன் என்ன? பின் ஷாப்டைக் கழற்றுவதும் அத்தகையதே. கைப்பிரேக் தன் இடத்தில் உறுதியாகப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். சக்கரங்களோ கட்டவிழ்ந்து நிற்கும்.

கியரில் போட்டு நிறுத்துவதும் இவ்வாறே. அந்தப் பிடியும் டிரான்ஸ்பர் கேஸ் வழியாகவே சக்கரத்தை அடைகிறது. டிரான்ஸ்பர் கேஸை நடுநிலையில் வைத்துவிட்டாலும், ஷாப்டுகளைக் கழற்றிவிட்டாலும் கியரின் பிடி போய்விடும். தானியங்கிக் கியர் வண்டியில் ‘பி’ என்ற இடத்தில் கோலை நிறுத்தியிருந்தாலும் நிலைமை இதுவே.

மற்றொன்றையும் அறிதல் வேண்டும். இவ்வகைக் கைப்பிரேக் உள்ள வண்டியில் பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியால் தூக்கினால், ஷாப்டைக் கழற்றாத போதும் கைப்பிரேக் பிடிக்காது. அச்சின் நடுவிலுள்ள டிபரன்ஷியல், தூக்கிய சக்கரத்தைப் பின்னோக்கிச் சுழலவிட்டு, தரையிலுள்ள சக்கரத்தை முன்னோக்கி உருளவிடும். ஆகவே டயர் மாற்றும் வேளையிலும் கட்டை வைத்தே தீர வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸில் வாழும் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவரிடம் இதைக் கூறினோம். இன்று கே.எல். சென்ட்ரல் நிலையம் நிற்கும் இடம் முன்பு ரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் பெரிய மைதானமாக இருந்தது. அங்கே இளமையைக் கழித்தவர் அவர். “சக்கரத்துக்குக் கட்டை கொடுக்காமல் எந்தப் பெட்டியையும் நாங்கள் விட்டுச் சென்றதில்லை, தம்பி. பிரேக் என்பது நம்பிக்கை, கட்டை என்பது உறுதி” என்றார். இதைவிடச் சுருக்கமாக நம்மால் சொல்ல இயலாது.

கழற்றத்தான் வேண்டுமா?

எண்ணெய் ஒழுகுகிறது என்றவுடன் பெட்டியையே இறக்கிவிட எண்ணுவோர் பலர். அதற்கு முன் சிலவற்றைச் சோதித்தல் நன்று.

முதலாவது, காற்றுப் போக்கி. பெட்டியின் மேற்புறத்தில் சிறு துளையோ மெல்லிய குழாயோ இருக்கும். பெட்டி சூடாகும்போது உள்ளிருக்கும் காற்று விரிந்து அதன் வழியே வெளியேற வேண்டும். தோட்டப் பாதையின் சேறு அதை அடைத்துவிட்டால், காற்று வேறு வழியின்றி ஆயில் சீல்களைத் தள்ளிக்கொண்டு எண்ணெயையும் வெளியேற்றும். துளையைச் சுத்தம் செய்த அளவிலேயே ஒழுக்கு நின்றுவிடுவதும் உண்டு.

இரண்டாவது, ஷாப்ட் புறப்படும் வாயிலுள்ள ஆயில் சீல். பல வண்டிகளில் ஷாப்டையும் அதன் தட்டையும் மட்டும் கழற்றி, பெட்டி இருந்த இடத்தில் இருக்கவே அந்தச் சீலை மாற்றிவிடலாம். ஆனால் இதைத் தள்ளிப்போடலாகாது. பின் சீல் ஒழுகினால், மேலே கூறிய வண்டிகளில் எண்ணெய் கைப்பிரேக்கின் டிரம்முக்குள்ளேயே புகும். பிறகு எவ்வளவு இழுத்தும் பிரேக் பிடிக்காது.

மூன்றாவது, எண்ணெயின் நிறம். பால் கலந்த காப்பியைப் போலிருந்தால் உள்ளே நீர் புகுந்துள்ளது என்று பொருள். மெல்லிய பொடியாக உலோகம் மின்னினால் அது இயல்பான தேய்மானமாக இருக்கலாம். துண்டு துண்டாக இரும்பு வந்தால் பற்சக்கரமோ பேரிங்கோ உடைந்திருக்கிறது. தாழ்நிலையில் போட்ட கோல் தானாகவே விலகி விழுதல், ஓயாத உறுமல் ஒலி ஆகியனவும் பெட்டியைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும் என்பதற்கான அறிகுறிகளாகும்.

எல்லா வண்டியும் வீட்டு வேலைக்கு ஏற்றதன்று

சுசுக்கி எஸ்.ஜே. 410 வண்டியில் டிரான்ஸ்பர் கேஸ் கியர் பெட்டியோடு ஒட்டாமல் தனியே தொங்குகிறது. இடையில் ஒரு குறுகிய ஷாப்ட் மட்டுமே உண்டு. ரப்பர் தாங்கிகளின் மேல் நிற்கும் அப்பெட்டியை, விவரம் தெரிந்த இருவர் வீட்டிலேயே இறக்கிவிடலாம்.

ஹைலக்ஸ் போன்ற வண்டிகளில் பெட்டி கியர் பெட்டியின் பின்னால் போல்ட்டுகளால் பிணைக்கப்பட்டிருக்கும். இரண்டையும் தாங்குவது குறுக்குச் சட்டம் ஒன்றே. ஆதலால் அச்சட்டத்தைக் கழற்றுமுன் கியர் பெட்டிக்கு வேறு முட்டு கொடுத்தாக வேண்டும்.

பழைய லேண்ட் ரோவர் சீரிஸ் வண்டியிலோ, இருக்கைகளையும் தரைத் தகடுகளையும் கழற்றிவிட்டு, கியர் பெட்டியையும் டிரான்ஸ்பர் கேஸையும் ஒன்றாக வண்டியின் உட்புறம் வழியே மேலே தூக்கி எடுப்பதே வழக்கம். அதற்குச் சங்கிலிக் கப்பி வேண்டும். முற்றத்து மாமரக் கிளையை நம்பிச் செய்யும் வேலையன்று அது. பட்டறைக்குக் கொண்டு செல்வதே அறிவுடைமை.

வேலைக்கு முன் செய்ய வேண்டியவை

இடம் சமதளமாகவும் கெட்டியாகவும் இருத்தல் வேண்டும். சிமெண்டுத் தரை சிறந்தது. மழையில் ஊறிய மண்ணில் ஜாக்கியின் கால் புதைந்து சாயும்.

வண்டி நான்கு சக்கர இயக்கத்தில் ஓடி வந்து நின்றிருந்தால், அச்சுகளுக்கும் பெட்டிக்கும் இடையே முறுக்கம் தங்கியிருக்கலாம். வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட வழி செல்வதால் ஏற்படும் முறுக்கம் இது. தார்ச்சாலையில் சக்கரம் சறுக்கி அதைத் தீர்த்துக்கொள்ள இயலாது. அந்நிலையில் ஷாப்டின் போல்ட்டைத் தளர்த்தினால் ஷாப்ட் திடீரெனத் திரும்பிக் கையை அடிக்கும். ஆகவே இரு சக்கர இயக்கத்துக்கு மாற்றி, சில கெஜ தூரம் நேராகப் பின்னோக்கி ஓட்டிவிட்டு நிறுத்துங்கள்.

அடுத்தது கட்டை. நான்கு சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் ஆப்பு வடிவக் கட்டைகளை இறுக வையுங்கள். கைப்பிரேக்கும் கியரும் இல்லை என்றே எண்ணிக்கொண்டு இதைச் செய்ய வேண்டும். பின்னர் கைப்பிரேக்கை விடுவித்து, வண்டியைக் கையால் தள்ளிப் பாருங்கள். அசையவில்லையானால் மட்டுமே மேற்கொண்டு செல்லலாம்.

தரையில் நின்றபடியே வண்டிக்கு அடியில் போதிய இடம் இருந்தால், சக்கரங்களைத் தூக்கவே தேவையில்லை. தூக்கித்தான் ஆக வேண்டுமெனில், தூக்கியபின் எடையைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டுகளை அடிச்சட்டத்தின் கீழ் வைத்து, தரையில் எஞ்சியுள்ள சக்கரங்களின் கட்டைகளை மீண்டும் சரிபாருங்கள். ஜாக்கி தூக்குவதற்கு உரியது, தாங்குவதற்கு உரியதன்று. செங்கல்லையும் துளையுள்ள சிமெண்டுக் கல்லையும் ஒருபோதும் முட்டாக வைக்கலாகாது. அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கும்.

பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிடுங்கள். எஞ்சினும் புகைக்குழாயும் ஆறிய பிறகே அடியில் செல்லுங்கள். துணைக்கு ஒருவர் எப்போதும் வெளியே இருத்தல் வேண்டும்.

கழற்றும் முறை

1. முதலில் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அது திறந்த பிறகே வடிக்கும் மூடியைத் திறக்க வேண்டும். எண்ணெயை வடித்துவிட்ட பின் மேல்மூடி துருப்பிடித்துத் திறவாமல் போனால், மீண்டும் எண்ணெய் ஊற்ற வழியின்றி வண்டி முடங்கிவிடும்.

2. ஷாப்டின் தட்டிலும் அது சேரும் தட்டிலும் ஒரே நேராகச் சுண்ணாம்பாலோ சாயத்தாலோ கோடிடுங்கள். திரும்பப் பூட்டும்போது அதே நிலையில் சேர்த்தால்தான் ஓட்டத்தில் அதிர்வு தோன்றாது. கழற்றிய ஷாப்டைத் தொங்கவிடாமல் கம்பியால் அடிச்சட்டத்தோடு கட்டிவையுங்கள்.

3. வேகமானிக் கம்பி, கோல்களின் இணைப்பு, மின்கம்பிகள், கைப்பிரேக்கின் இணைப்பு ஆகியவற்றை ஒவ்வொன்றாக விடுவியுங்கள். எது எங்கிருந்தது என்பதைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியில் படமெடுத்து வைப்பது இன்னும் நன்று. போல்ட்டுகள் ஒரே நீளமானவை அல்ல. ஓர் அட்டையில் பெட்டியின் உருவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் துளையிட்டுச் செருகி வைத்தால் குழப்பம் நேராது.

4. பெட்டியின் எடை வண்டிக்கு வண்டி மாறுபடும். பலசாலி ஒருவர் மல்லாந்து படுத்துக்கொண்டு மார்பின் மேல் இறக்கக்கூடிய பொருளன்று அது. சக்கரமுள்ள ஜாக்கியின் தலையில், பெட்டியின் அடிப்புறத்துக்கு ஏற்ற மரத் தொட்டிலை அமைத்து, வாரினால் பெட்டியை அதனோடு கட்டுங்கள். ஜாக்கி எடையை ஏற்றுக்கொண்டபின் தாங்கிகளின் போல்ட்டுகளைத் தளர்த்துங்கள்.

5. கியர் பெட்டியோடு இணைந்த வகையில், மேற்புறத்தில் எதிரெதிராக உள்ள இரண்டு போல்ட்டுகளைக் கடைசிவரை விட்டுவையுங்கள். அவற்றையும் எடுத்தபின் பெட்டியை நேர்பின்னாக இழுக்க வேண்டும். சாய்ந்த நிலையில் அதன் எடை முழுவதும் உள் ஷாப்டின் மேல் விழுந்தால், சீலும் பேரிங்கும் கெடும். பிரிய மறுத்தால் உளியைச் செருகி நெம்பாதீர்கள். மறந்துபோன போல்ட்டு ஒன்று எங்கேனும் இருக்கும், தேடிப் பாருங்கள்.

6. இறக்கும் வேளையில் இருவரும் பக்கவாட்டில் இருக்க வேண்டும். தலையோ, மார்போ, காலோ பெட்டியின் கீழ் இருத்தல் கூடாது. பெட்டி நழுவினால் விழவிட்டுவிடுங்கள். உடைந்த பெட்டிக்குக் கிள்ளான் கடைகளில் மாற்று உண்டு. உடைந்த கைக்கு எங்கும் மாற்றில்லை.

பழைய பெட்டியை வாங்கும்போது

ஹாப்கட் கடையில் மாற்றுப் பெட்டி வாங்குவோர், முன் ஷாப்ட் புறப்படும் பக்கம் இடமா வலமா, ஷாப்டின் பற்கள் எண்ணிக்கையில் ஒத்துள்ளனவா, வேகமானிக் கம்பி சேருமிடம் உள்ளதா என்பவற்றைத் தம் பெட்டியோடு ஒப்பிட்டு வாங்க வேண்டும். கையால் சுழற்றிப் பாருங்கள். எல்லா நிலைகளிலும் கோல் விழுகிறதா என்று சோதியுங்கள். உள்ளிருக்கும் எண்ணெயை முகர்ந்து பாருங்கள். கருகிய நாற்றம் வீசினால் அதனை வாங்காதீர்கள்.

திரும்பப் பூட்டிய பின், வண்டியின் கையேடு குறிப்பிடும் எண்ணெயையே ஊற்ற வேண்டும். சில வண்டிகளுக்குக் கியர் எண்ணெயும், சிலவற்றுக்குத் தானியங்கிக் கியருக்குரிய மெல்லிய எண்ணெயும் உரியவை. சக்கரக் கட்டைகளைக் கடைசியாகவே எடுங்கள். ஷாப்டுகள் இரண்டும் பூட்டப்பட்டு, கைப்பிரேக் பிடிக்கிறது என்பதைச் சோதித்த பிறகே அவை அகற்றப்பட வேண்டும்.

வடித்த பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். சாக்கடை ஆற்றில் சேரும். அந்த ஆறு நம் பிள்ளைகள் வாழும் ஊர்களைக் கடந்தே கடலுக்குச் செல்கிறது. மூடியுள்ள கலத்தில் சேர்த்து, கழிவு எண்ணெய் ஏற்கும் பட்டறையில் கொடுத்துவிடுவதே முறை.

கையிலுள்ள திறமைக்குச் சான்று

முடிவாக ஒன்று கூறுவோம். வீட்டு முற்றத்தில் இவ்வேலையைப் பிழையின்றிச் செய்து முடிக்கும் இளைஞனிடம் ஒரு தொழில் இருக்கிறது. அவனிடம் இல்லாதது சான்றிதழ் மட்டுமே. திறன் மேம்பாட்டுத் துறை வழங்கும் எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழைப் பயிற்சிக் கழகத்தில் பயின்றும் பெறலாம். வேலையில் பெற்ற அனுபவத்தை மெய்ப்பித்தும் பெறலாம். பின்னதற்கு ‘பி.பி.டி.’ என்னும் முறை உள்ளது. செய்த வேலைகளின் படங்களையும் குறிப்புகளையும் இன்றிலிருந்தே சேர்த்து வைப்போருக்கு அது எளிதாகும்.

கிள்ளான் பட்டறை உரிமையாளரிடம் விடைபெறும்போது, புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு முதல் நாள் என்ன கற்றுத் தருவீர்கள் என்று கேட்டோம். ஸ்பானர் பிடிப்பதை அல்ல என்றார். வண்டியின் அருகில் நிறுத்தி, “இப்போது இந்த வண்டியைப் பிடித்து நிறுத்தியிருப்பது எது?” என்று கேட்பாராம். அடுத்து ஒரு போல்ட்டைக் காட்டி, “இதைக் கழற்றிய பிறகு எது?” என்பாராம். இரண்டாவது கேள்விக்குச் சரியான விடை சொல்லும் வரை, அவர் பட்டறையில் யாரும் வண்டிக்கு அடியில் போக இயலாது.

பதறாத காரியம் சிதறாது என்பது நம் முன்னோர் மொழி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு அடியில் படுப்பதற்கு முன், நீங்களும் உங்கள் பிள்ளைகளும் அந்த இரண்டு கேள்விகளையும் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.